அண்ணாவியாரும் மாணவரும் ஒரே களரியில்
(நாடகம் கற்பதும் கற்பிப்பதும் பற்றிப் பாராடாங்கிலிருந்து சில சிந்தனைகள்)

பாராடாங்கில் பொங்கல் விழாவுக்கு நாடகம் போடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு யோசனைகள் வரும். "சென்னையில் நடிப்புப் படிச்ச ஒருத்தரை வரவழைப்போம், பத்து நாளில் பசங்களைத் தயார் பண்ணிடுவார்" என்பது ஒன்று. "வெளியாள் எதுக்குங்க? கோயில் திருவிழாவில் பாட்டுப் படிக்கிற பெரியவர் நம்ம கிட்டயே இருக்காரே" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் முதல் யோசனைப்படி செய்தால், வந்தவர் கப்பல் ஏறிய மறுநாளே எல்லாம் மறந்துபோகும். இரண்டாவதன்படி செய்தால், பெரியவருக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்க ஆள் இருக்காது.

நடிப்புப் பயிலும் மாணவரும், ஊரில் கலை சொல்லித்தரும் ஆசானும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அவரிடம் இவரும் இவரிடம் அவரும் கற்றுக்கொண்டால்தான் நாடகம் ஊரில் தங்கும் என்பது என் கருத்து. இது நான் கண்டுபிடித்ததன்று. தமிழர் வாழும் நாடுகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து பார்க்கப்பட்டது. எங்கே எப்படிச் செய்தார்கள், என்ன கிடைத்தது, என்ன விடுபட்டது என்பதை நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தீவின் நிலை

இம்மலரைப் பிற மாநிலங்களில் இருந்து படிக்கும் அன்பர்களுக்காகச் சிறு அறிமுகம். பாராடாங், தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடைப்பட்ட தீவு. 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்க வேண்டும். குறித்த நேரத்தில், காவல் துணையோடு, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாகப் போக வேண்டும். பிறகு மிடில் ஸ்ட்ரெயிட் துறையில் இறங்கிக் கழியைக் கடந்து இக்கரை சேர வேண்டும். சுற்றுலா வருபவர்களுக்குப் பாராடாங் என்றால் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும்தான். காலையில் வந்து அன்றே திரும்பிவிடுவார்கள்.

இங்கே வாழ்பவர்கள் பல திசையிலிருந்து வந்தவர்கள். காட்டு வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோரை ‘ராஞ்சிக்காரர்’ என்போம். வங்காளிகள் உண்டு, தெலுங்கர், மலையாளிகள் உண்டு, நாமும் இருக்கிறோம். எல்லோருக்கும் பொதுமொழி இந்தி. நம்ம பிள்ளைகளுக்குத் தெருவில் இந்தி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் மட்டும் தமிழ். அதுவும் பாட்டி இருக்கிற வரைக்கும்தான். "சாப்பிடு, தூங்கு, எழுந்திரு" என்ற அளவில் தமிழ் சுருங்கிப்போன வீடுகள் பலவற்றை நான் அறிவேன்.

இந்தச் சூழலில் நாடகத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. கோபப்பட, கெஞ்ச, கேலி செய்ய, வாதாட, வாழ்த்த எனத் தமிழின் எல்லாக் குரல்களையும் ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக் கிடைக்கும் இடம் மேடை ஒன்றே. திருக்குறள் ஒப்பிக்கும் போட்டியில் நினைவாற்றல் வளரும். பேச்சுத்தமிழ் வளர வேண்டுமானால் எதிரே ஒருவர் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு நாடகம் வேண்டும்.

இரண்டு வகை அறிவு

நடிப்பை முறையாகப் படித்த மாணவருக்கு என்ன தெரியும்? மூச்சைப் பழக்கத் தெரியும். உடம்பைத் தளர்த்தவும் இறுக்கவும் தெரியும். எழுதாத காட்சியை அந்த இடத்திலேயே கட்டி எழுப்பத் தெரியும். ஒரு பாத்திரம் ஏன் இப்படிப் பேசுகிறது என்று துருவிப் பார்க்கத் தெரியும். ரஷ்ய நாடக அறிஞர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி முதல் பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் வரை பலருடைய முறைகளை அவர் படித்திருப்பார். ஆனால், மூன்றாண்டு பயின்ற பிறகும், வேலை முடிந்து களைத்து வந்து மண்ணில் உட்காரும் ஒரு ஊரை எதிர்கொண்டிருக்க மாட்டார். அவருடைய பார்வையாளர்கள் பெரும்பாலும் சக மாணவர்களும் ஆசிரியர்களும்தான்.

ஊர் ஆசானுக்கு என்ன தெரியும்? முழுக்கூத்தும் மனப்பாடம். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் குரலை எட்ட வைக்கத் தெரியும். எந்த வீட்டுப் பையனுக்கு எந்த வேடம் ஒத்துவரும், யாரை அதட்டினால் ஆடுவான், யாரைத் தட்டிக்கொடுத்தால் ஆடுவான் என்று தெரியும். கூட்டம் சலித்துவிட்டதா என்பதை அதன் அசைவிலேயே கண்டுகொள்வார். ஆனால், "ஏன் இந்த இடத்தில் இந்த அடவு?" என்று கேட்டால், "எங்க வாத்தியார் இப்படித்தான் ஆடினார்" என்பார். அது தப்பான பதில் அல்ல. அதை மட்டுமே வைத்துக்கொண்டு, இந்தியில் சிந்திக்கப் பழகிய பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

இருவரையும் சேர்த்து வைப்பதன் பயன் இப்போது விளங்கும். மாணவர் ‘ஏன்’ என்று கேட்பார். ஆசான் ‘யாருக்காக’ என்று கேட்பார். நாடகத்துக்கு இரண்டு கேள்வியும் வேண்டும்.

பழைய வழி

ஆசான்கள் கூடிக் கற்பிப்பது தமிழில் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறுகிறாள். அவளுக்குப் பின்னே ஆடலாசான், இசையாசான், புலவர், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என ஒரு குழுவே நிற்கிறது. ஒருவரே எல்லாம் கற்றுத்தருவதாக இளங்கோவடிகள் காட்டவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பாய்ஸ் கம்பெனி’ எனப்பட்ட பாலர் சபைகள் வந்தன. 1918ஆம் ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் புகழ்பெற்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். பின்னர் 1925இல் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்ற தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். வாத்தியாரோடு தங்கி, உண்டு, உறங்கி, பாடமும் பாட்டும் ஒன்றாகக் கற்கும் முறை அது. கண்டிப்பு மிகுதி, அடியும் உண்டு. ஆனாலும் தமிழ் உச்சரிப்பில் அந்தப் பள்ளி தந்த தெளிவு பின்னாளில் தமிழ்த் திரைப்படத்தின் குரலாகவே ஆயிற்று.

பேராதனையில் நடந்தது

நம் காலத்துக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இலங்கையில் கிடைக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் சு. வித்தியானந்தன். அதே வளாகத்தில் பேராசிரியர் சரச்சந்திர, சிங்கள நாட்டார் ஆடல் மரபைக் கொண்டு 1956இல் ‘மனமே’ நாடகத்தை உருவாக்கிப் பெரும்புகழ் பெற்றிருந்தார். தமிழருக்கும் இப்படி ஒரு மரபு உண்டே என்று எண்ணிய வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவர முனைந்தார்.

அவர் அதைச் செய்த முறையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கூத்துப் பற்றிய நூலை மாணவர் கையில் கொடுத்து "படித்து நடியுங்கள்" என்று சொல்லவில்லை. வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை வரவழைத்தார். மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் ஆசானை ‘அண்ணாவியார்’ என்பார்கள். மத்தளத்தோடு அவர் நிற்க, பட்டப்படிப்பு மாணவர்கள் காலில் சதங்கை கட்டித் தாளக்கட்டுப் பழகினார்கள். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ வந்தன. ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பேராசிரியரானார். தம் மாணவர்களோடு அதே நாடகத்தை மீண்டும் மேடையேற்றினார். கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று அமைந்திருப்பதும் அதே வந்தாறுமூலையில்தான். அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரு தலைமுறை கழித்துப் பல்கலைக்கழகமே அண்ணாவியாரின் ஊருக்கு வந்து சேர்ந்தது.

என்ன கிடைத்தது? படித்தவர்கள் தாழ்வாக எண்ணியிருந்த கூத்து மதிப்புப் பெற்றது. நகரத்து மண்டபங்களில் ஆடப்பட்டது. இன்று இலங்கைப் பள்ளிகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகவே இருக்கிறது. அதற்கு வழி வகுத்த முயற்சிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

என்ன விடுபட்டது? விடிய விடிய ஆடிய கூத்து மண்டபத்துக்காகச் சுருக்கப்பட்டது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடை வந்தது. அண்ணாவியார் ஆட்டம் பழக்குபவரானார்; என்ன ஆடுவது, எவ்வளவு ஆடுவது என்ற முடிவு பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் முயற்சியில் இவ்வளவு நடந்ததே பெரிது. ஆனால் நாம் ஒரு பயிற்சி முகாம் நடத்தினால், "முடிவெடுப்பது யார்?" என்ற இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊரே பள்ளிக்கூடம்

மட்டக்களப்புக் கிராமத்தில் ஒரு கூத்து எப்படிப் பழக்கப்படுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஊர்ப் பெரியவர்களும் அண்ணாவியாரும் கூடிப் பேசி, கூத்தையும் ஆட்களையும் தெரிவு செய்வார்கள். பிறகு ‘சட்டம் கொடுத்தல்’, அதாவது அவரவர் பாடிப் பேச வேண்டிய பகுதியை எழுதிக் கையில் கொடுத்தல். மாதக்கணக்கில் பழகியபின் ‘சதங்கை அணிதல்’. அன்றுதான் ஆடுபவர் முதன்முதலாகக் காலில் சதங்கை கட்டுவார். ஊரார் வந்து பார்ப்பார்கள். அடுத்தது ‘அடுக்குப் பார்த்தல்’. நம்ம வழக்கில் முழு ஒத்திகை எனலாம். அதன்பின் அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடு முடிவதில்லை. பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள்.

இந்தப் படிகளில் ஊர் எங்கெங்கே உள்ளே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில், நடுவில், இறுதியில், அதற்குப் பின்னும் வருகிறது. நாம் செய்வதுபோல விழா நாளன்று மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவதில்லை. பிள்ளை எப்படி ஆடுகிறான் என்று ஒவ்வொரு படியிலும் ஊர் சொல்கிறது. கற்பிப்பவர் அண்ணாவியார் ஒருவர் மட்டுமல்லர்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் அவரோடு இணைந்தவர்களும் மட்டக்களப்புச் சீலாமுனையில் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற செயற்பாட்டை நடத்தினார்கள். பேராதனை முறைக்கு இது எதிர்த்திசை. கூத்தை ஊரிலிருந்து வெளியே கொண்டுவராமல், படித்தவர்கள் ஊருக்குப் போனார்கள். பழைய கூத்தில் பெண்களைப் பற்றியும் சாதி பற்றியும் இன்றைக்குப் பொருந்தாதவை உண்டு. அவற்றை என்ன செய்வது என்று அண்ணாவியார், கூத்தர், இளைஞர் எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். மாற்றம் வெளியிலிருந்து திணிக்கப்படாமல், ஆடுகிறவர்களின் விவாதத்திலிருந்தே வரவேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை.

தமிழகத்து முயற்சிகள்

தமிழ்நாட்டில் 1977ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. காந்திகிராமத்தில் ஒரு நீண்ட நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற செ. இராமானுஜம் அதில் முக்கியப் பங்காற்றினார். அங்கே பயின்றவர்களுள் ஒருவரான மு. இராமசாமி மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். அதே 1977இல் சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையை நிறுவினார். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, "நம் நாடகம் இங்கேதானே இருக்கிறது" என்று உணர்ந்தவர் அவர். கூத்துப்பட்டறை நடிகர்கள் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் அடவும் பாட்டும் பழகினார்கள். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றோர் அங்கிருந்து திரைக்கு வந்தவர்கள் என்பது நம் வீடுகளில் பலருக்கும் தெரியும். அவர்கள் நடிப்பில் தெரியும் உடல் உறுதிக்குப் பின்னால் ஒரு கிராமத்துக் கூத்து வாத்தியாரின் உழைப்பும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொரு வழியைக் காட்டியவர்கள் கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் அவர் துணைவியார், நெதர்லாந்து ஆய்வாளர் ஹன்னே டி புருயினும். 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்தது. 2002இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். கூத்தாடப் போனால் படிப்புக் கெடும், படிக்கப் போனால் கூத்துக் கெடும் என்ற பழைய முடிச்சை அவிழ்த்துக் காட்டிய முயற்சி அது. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. நல்ல காரியம் என்பதாலேயே எதுவும் நிலைத்துவிடாது. தாங்கும் கைகள் தொடர்ந்து வேண்டும் என்பதையும் அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்கு நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதை வழிநடத்தியவர். ‘பலி ஆடுகள்’ எழுதிய கே.ஏ. குணசேகரன் அங்கே பேராசிரியராக இருந்தவர். நம் தீவுக் கல்லூரிகள் பல்லாண்டுகள் இணைந்திருந்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தோடுதான். ஆகவே மாணவர்களை அழைக்க நாம் முன்பின் தெரியாத கதவைத் தட்ட வேண்டியதில்லை.

பார்ப்பவரும் ஆடலாம்

வங்காளத்துச் சுந்தரவனப் பகுதி நம்மூரைப் போலவே அலையாத்திக் காடும் உப்பங்கழியும் படகுத்துறையும் கொண்டது. அங்கே 1985இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ‘ஜன சம்ஸ்கிருதி’ என்ற குழு, அகஸ்தோ போவாலின் முறையைக் கிராமங்களில் கையாண்டது. முறை எளிது. ஊரில் உள்ள ஒரு சிக்கலைச் சிறு நாடகமாக ஆடுவார்கள். அது தீர்வில்லாமல் முடியும். பிறகு மீண்டும் முதலிலிருந்து ஆடுவார்கள். இம்முறை பார்ப்பவர் எவரும் "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, அந்தப் பாத்திரமாகத் தாமே நின்று, வேறு விதமாகச் செய்து காட்டலாம். சரியா, நடக்குமா என்று ஊரே பேசும்.

நம் சூழலில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், ஸ்ரீ விஜயபுரம் போய்க் கல்லூரியில் படிக்க வேண்டும் என்கிறாள். "அவ்வளவு தூரம் தனியா வேண்டாம்மா" என்கிறார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காட்சி அங்கே முடிகிறது. மறுமுறை ஆடும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி எழுந்து வந்து அந்த அம்மாவாக நின்றால் என்ன சொல்வார்? அதைக் கேட்கத்தான் நான் ஆசைப்படுகிறேன். அந்தப் பாட்டி சொல்லப்போகும் தமிழ் எந்தப் பாடநூலிலும் இருக்காது.

பாராடாங்குக்கு ஒரு திட்டம்

பள்ளி விடுமுறையில் பத்து நாள் முகாம் ஒன்றை நான் முன்மொழிகிறேன். நடிப்பு மாணவர் நால்வர், ஊர் ஆசான்கள் நால்வர், நம் பிள்ளைகள் இருபது பேர் போதும்.

ஊர் ஆசான்கள் யார்? ஒருவர் தமிழகத்திலிருந்து வரும் தெருக்கூத்து வாத்தியாராக இருக்கட்டும். மற்ற மூவரும் இந்தத் தீவிலேயே இருக்கிறார்கள். கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த நம் வீட்டுப் பெண் ஒருவர். அகடா எனும் ஆட்டக்களத்தில் மாந்தர் முழவு கொட்டி ஆடும் மரபில் வந்த ராஞ்சிப் பெரியவர் ஒருவர். ஜாத்ரா நாடகம் அறிந்த வங்காளி ஒருவர். தமிழ்ச் சங்க முகாமில் அவர்கள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளின் கூட்டாளிகள் அந்த வீட்டுப் பிள்ளைகள்தானே? தன் தாளம் எது, பக்கத்து வீட்டுத் தாளம் எது என்று அறிந்த பிள்ளைக்குத் தன்னுடையது இன்னும் நன்றாக விளங்கும்.

ஒரு நாள் இப்படி நடக்கலாம். காலையில் ஆசான்கள் கற்றுத்தருவார்கள். மாணவரும் பிள்ளைகளும் கற்பார்கள். மதியத்துக்குமேல் மாணவர்கள் மூச்சுப் பயிற்சி, குரல் பயிற்சி, விளையாட்டு, காட்சி கட்டுதல் நடத்துவார்கள். ஆசான்களும் அதில் சேர்ந்துகொள்வார்கள். பெரியவர் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவது முக்கியம். மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன புரிஞ்சது, என்ன புரியலை" என்று தமிழில் பேச வேண்டும். ஐந்தாம் நாள் பெற்றோரை அழைத்து அரைகுறையாகவே காட்ட வேண்டும். அது நம் ‘சதங்கை அணிதல்’. எட்டாம் நாள் முழு ஒத்திகை. பத்தாம் நாள் அரங்கேற்றம், மேடையில் அல்ல, நாற்புறமும் மக்கள் சூழத் தரையில். அதன்பின் விடுமுறை முடியும்வரை ஞாயிறுதோறும் இரண்டு வீட்டு வாசலில் பிள்ளைகள் தாங்களே ஆட வேண்டும். வெளியாட்கள் போனபிறகும் நடப்பது இந்தக் கடைசிப் பகுதி. முகாம் வெற்றியா என்பதை இதைக் கொண்டுதான் அளக்க முடியும்.

கணக்கும் மரியாதையும்

கடைசியாகச் சில நிபந்தனைகள். கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். இவை இல்லாமல் எல்லாம் வீண்.

முதலாவது, சம்பளம். மாணவருக்குப் பயணப்படி தருகிறோம். கூத்து வாத்தியாருக்கும் கும்மிப் பாட்டிக்கும் சால்வையோடு நிறுத்திக்கொள்கிறோம். இது தகாது. கற்றுத்தரும் நாளுக்கு எல்லோருக்கும் ஒரே ஊதியம் தர வேண்டும்.

இரண்டாவது, நாற்காலி. கூத்தும் பறையும் இன்றுவரை காத்து வந்தவர்களுள் பலர், ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கடல் கடந்து வந்து எல்லாம் மறந்துவிட்டோம் என்கிறோம். பறை அடிக்கும் பெரியவர் விழா மேடையில் தலைவர் பக்கத்தில் உட்காருகிறாரா, மேடைக்குக் கீழே நிற்கிறாரா என்று பார்த்தால் மறந்தோமா என்பது தெரிந்துவிடும். ஆசான் என்று அழைத்தால் ஆசானாகவே நடத்த வேண்டும். பிள்ளைகள் நாடகத்தைவிட அதைத்தான் முதலில் கற்பார்கள்.

மூன்றாவது, எழுத்து. ஆசான் பாடுவதை மாணவர் எழுதியும் பதிவு செய்தும் எடுத்துப் போவார். அதில் தவறில்லை. ஆனால் எழுதியதை ஆசானுக்குப் படித்துக் காட்டித் திருத்தம் பெற வேண்டும். ஒரு படி அவர் வீட்டிலும் ஒரு படி சங்கத்திலும் இருக்க வேண்டும். எங்கே மேடையேறினாலும் அவர் பெயர் வர வேண்டும்.

நான்காவது, நாம் தொடக்கூடாத பொருள். சாலையோரத்தில் பார்த்த ஜாரவா மக்களைப் போல முகத்தில் சாயம் பூசி ஆடுவது பிள்ளைகளுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அவர்கள் நம் மேடைக்கான வேடம் அல்லர். தங்கள் காட்டில் தங்கள் விருப்பப்படி வாழும் மக்கள். அவர்களைக் காட்சிப்பொருளாக்குவதை எதிர்த்து நாடு முழுவதும் குரல் எழுந்திருக்கிறது. அந்தச் சாலையை அன்றாடம் பயன்படுத்தும் நாம் இதில் மற்றவரைவிடக் கூடுதல் பொறுப்புடையவர்கள்.

ஐந்தாவது, போட்டி வேண்டாம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வைத்தால் பெற்றோர் வேறு ஒரு நாடகம் தொடங்கிவிடுவார்கள்.

பணம் சேர்வதற்கும் தேதி குறிப்பதற்கும் நாளாகலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வரிசையில், உங்கள் குடியிருப்பில், ஊரில் இருந்தபோது கூத்தாடியவரோ, வள்ளி திருமணத்தில் பின்பாட்டுப் பாடியவரோ, நாற்று நடும்போது பாடியவரோ கட்டாயம் ஒருவர் இருப்பார். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வீட்டில் மூத்த பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். "தாத்தா, நீங்க ஆடினது எது? முதல்ல என்ன பாட்டு வரும்?" என்று கேட்டு எழுதி வரட்டும். அப்படிச் சேரும் நோட்டுகளைச் சங்கத்தில் கொடுத்தால், முகாமுக்கு யாரை ஆசானாக அழைப்பது என்ற பட்டியல் நம் கையிலேயே இருக்கும்.